மதுரைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால்

கேள்வி: ஐயா, நான் மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் ஆசிரியை, வயது 52. எங்கள் தாத்தா 1920-களில் ஒரு கங்காணியோடு கப்பலேறி, கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அப்போது அப்பாவுக்கு ஏழு வயது. பாட்டி 1974-இல் இறந்தார், அப்பா போன வருடம் தவறிவிட்டார். அப்பாவின் தங்கை மட்டும் ரவாங்கில் இருக்கிறார், வயது 84. தாத்தாவின் ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பாட்டி ‘மதுரகாளி’யைக் கும்பிடுவார் என்பதால் நாங்கள் மதுரைக்காரர்கள் என்றே சொல்லி வளர்ந்தோம். வெற்றிலைக் கொடிக்கால் வேலை, ஆற்றங்கரை வீடு, ‘அக்கரையில ரயிலு போகும், அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்லுவோம்’ என்று பாட்டி சொன்னதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கையில் இருப்பவை பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குத் தருவது), ஊர் குறிப்பிடாத அப்பாவின் பிறப்புப் பத்திரம், 1961-இல் இந்தியாவிலிருந்து வந்த ஒரு கடிதம். கடிதத்தில் பாதியைக் கரையான் அரித்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன், ‘நாம ஊரே தெரியாத தமிழராம்மா?’ என்று கேட்கிறான். டிஎன்ஏ சோதனை செய்யலாமா என்கிறான். தம்பி இதை வைத்து ஓசிஐ அட்டை (வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) எடுக்கலாம் என்கிறான், டிசம்பரில் மதுரைக்கு டிக்கெட் போடவும் அவசரப்படுத்துகிறான். எங்கே தொடங்குவது? போனால் எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா? எங்கள் தமிழைக் கேட்டாலே சிரிக்கிறார்களே.

பதில்: அம்மா, வணக்கம். முதலில் தம்பியிடம் சொல்லி அந்த மதுரை டிக்கெட்டை நிறுத்தி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

பெயரில் மதுரை இருப்பதால் சாமியும் மதுரைச் சாமி என்று நினைத்துவிட்டீர்கள். இதே காரணத்துக்காக மதுரைக்குப் போய், மீனாட்சியம்மனைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். மதுரகாளி, மதுரைக் காளி என்ற பெயரில் பேர்போன கோயில்கள் இரண்டும் பழைய திருச்சி ஜில்லாவில் இருக்கின்றன. ஒன்று பெரம்பலூருக்குப் பக்கத்தில் சிறுவாச்சூர். மற்றது காவிரியின் வடகரையில் தொட்டியம். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணிந்து வந்து அமர்ந்த இடம் என்று சிறுவாச்சூரில் கதை சொல்வார்கள். பெயரில் மதுரை ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

இரண்டில் எது என்பதற்கு உங்கள் பாட்டியே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சிறுவாச்சூர் வானம் பார்த்த பூமி, அங்கே ஆற்றங்கரை வீட்டுக்கு வழியில்லை. வெற்றிலைக் கொடிக்காலுக்கோ வருடம் முழுக்கத் தண்ணீர் காட்ட வேண்டும். முசிறி, குளித்தலை வட்டாரத்தில் அது காவிரியை நம்பி நிற்கும் பயிர். அப்புறம் அந்த ரயில். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்குப் போகும் பாதை 19-ஆம் நூற்றாண்டிலேயே போட்டது. குளித்தலை, லாலாப்பேட்டை, மாயனூர் என்று காவிரியின் தென்கரையை ஒட்டியே போகிறது. எதிர்க்கரையில் முசிறி, தொட்டியம் பக்கம் இன்றைக்கும் ரயில் கிடையாது. ‘அக்கரையில ரயிலு போகும்’ என்று ஒருவர் சொன்னால், அவர் வடகரையில் நின்றுகொண்டு சொல்லியிருக்க வேண்டும். சாமி, பயிர், ரயில் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முசிறி, தொட்டியம், காட்டுப்புத்தூர் என்று காவிரியோரமாக நீளும் ஒரு பட்டைதான் மிஞ்சுகிறது.

இது ஊகம்தான். கையில் தாள் எதுவும் இல்லாமல் சொல்கிறேன். ஆனால் இருபது வருடமாக எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தாலுகா அலுவலக வாசல்களிலும் அடுத்தவர்களுடைய பாட்டன் பூட்டனைத் தேடிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது வலுவான ஊகம்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. கொடிக்காலும் ஆறும் ரயிலும் பாட்டியின் ஞாபகம். அது அவர் பிறந்த ஊராகவும் இருக்கலாம், வாழ்க்கைப்பட்டுப் போன ஊராகவும் இருக்கலாம். சாமி அப்படியில்லை. கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வீட்டுக் குலசாமியைத்தான் கும்பிட்டிருப்பார். ஆகவே சாமி தாத்தா பக்கத்தைக் காட்டுகிறது, ரயில் பாட்டி பக்கத்தைக் காட்டலாம். அந்தக் காலத்தில் மாட்டுவண்டி தூரத்துக்குள்தான் பெண் எடுத்தார்கள் என்பதால் இரண்டும் ஒரே வட்டாரத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தேடி வருகிற எல்லோரும் தாத்தாவின் ஊரையே கேட்கிறார்கள். பாட்டிக்கும் ஒரு ஊர் இருந்திருக்குமே என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் குடும்பத்தில் தாத்தா இல்லாமல் பிள்ளைகளை ஆளாக்கியவர் பாட்டி. கண்டுபிடிப்பது அவர் ஊராக இருந்தால் ‘இது வேறு ஊர்’ என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, தாள் விஷயத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் எழுதினால் என் வேலை சுலபம். 1860 முதல் 1911 வரை அங்கே கரையிறங்கிய 1,52,184 பேருக்குக் கப்பல் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரை பதிந்திருப்பார்கள். அக்கறையினால் அல்ல, ஒப்பந்தக் கூலி ஓடிவிட்டால் அடையாளம் சொல்லிப் பிடிப்பதற்காக. அந்தக் கொடுமையான கணக்கு இன்று பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது.

மலாயாவில் நிலைமை வேறு. சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. 1907-இல் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, தோட்டங்களிடம் வரி வாங்கி, ஆட்களின் கப்பல் செலவை அதிலிருந்து கொடுத்தார்கள். தோட்டத்தில் நல்ல பெயர் எடுத்த ஒருவரைக் கங்காணியாக்கி, உரிமச் சீட்டு கொடுத்து, ‘போய் உன் ஊரிலிருந்து ஆள் கூட்டி வா’ என்று அனுப்புவார்கள். கூட்டி வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. ஆவடி முகாமிலோ நாகப்பட்டினம் முகாமிலோ தங்கி, கப்பலேறி, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ நோய் ஒதுக்கலில் கிடந்து, பிறகு தோட்டம். 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை இதுதான் நடைமுறை. இவர்கள் ஒப்பந்தக் கூலிகள் இல்லை என்பதால் நேட்டால் மாதிரி ஆளுக்கு ஒரு வரி எழுதிய பட்டியல் கோவையாகக் கிடைப்பதில்லை. உங்கள் தாத்தா பெயரைச் சொல்லி எந்தக் காப்பகத்தில் விண்ணப்பித்தாலும் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தேடித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் அந்தக் கங்காணி முறையே ஒரு வழியும் திறந்து வைத்திருக்கிறது. கங்காணி யாரைக் கூட்டி வருவார்? தன் ஊர்க்காரர், பக்கத்து ஊர்க்காரர், மச்சான், பங்காளி. ஒரு கங்காணி கூட்டி வந்த கூட்டம் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேறும். அப்படியென்றால் உங்கள் தாத்தாவின் ஊர் உங்கள் குடும்பத்தில் மறந்துபோயிருந்தாலும் அடுத்த லயக்காரர் குடும்பத்தில் மறக்காமல் இருக்கலாம். நான் கண்டுபிடித்துக் கொடுத்த ஊர்களில் பாதிக்குமேல் இப்படித்தான் கிடைத்தன. ஒரு குடும்பம் பேராக்கில் மூன்று வருடம் பத்திரங்களைத் தேடி அலைந்தது. கடைசியில், பழைய தோட்டத்தில் பக்கத்து வீட்டிலிருந்த ஒரு கிழவி ஒரு கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில், ‘உங்க தாத்தாவும் எங்க அப்பாவும் ஒரே கங்காணி ஆளுங்கதானே, எங்களுக்கு லால்குடி பக்கம்ல’ என்றாராம்.

அதனால் முதல் வேலை கிள்ளானைச் சுற்றியே இருக்கிறது. அந்தத் தோட்டம் இன்று செம்பனையாகவோ (எண்ணெய்ப் பனை) வீட்டுமனையாகவோ மாறியிருக்கும். ஆட்கள் மாறியிருக்க மாட்டார்கள், சிதறியிருப்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அங்கே பிறந்து வளர்ந்த எழுபது, எண்பது வயதுக்காரர்களை விசாரியுங்கள். பழைய தோட்டத்துக்காரர்கள் கல்யாணம், கருமாதிக்கு இன்னமும் ஒன்றாகக் கூடுவார்கள், வாட்ஸ்அப் குழுவும் வைத்திருப்பார்கள். அவர்களிடம் ‘எங்க தாத்தா எந்த ஊரு?’ என்று கேட்காதீர்கள், தெரியாது என்று முடித்துவிடுவார்கள். ‘கங்காணி பேரு என்ன? அவரு எந்த ஊரு? பெரட்டுக் களத்துல எங்க பாட்டி யாரு பக்கத்துல நிப்பாங்க?’ என்று கேளுங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு கழுவுகிற இடம், கள்ளுக்கடை என்று இடத்தைச் சொல்லிக் கேட்டால் ஞாபகம் தானாக வரும்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அப்பா படித்திருந்தால் அங்கே ஒரு சேர்க்கைப் பதிவேடு இருந்திருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னதால், மாட்டுக்கொட்டகை மாதிரியாவது ஒரு பள்ளி பல பெரிய தோட்டங்களில் இருந்தது. தோட்டம் மூடியபோது பல பள்ளிகள் அதே பெயரோடு பட்டணத்துப் பக்கம் இடம் மாறின. பழைய பதிவேட்டையும் மூட்டை கட்டி எடுத்துப் போனார்களா என்று தலைமையாசிரியரைக் கேட்டுப் பாருங்கள். நீங்களே ஆசிரியை, கதவு சுலபமாகத் திறக்கும். அதேபோல் தோட்டத்துக் கோயிலில் மணி, விளக்கு, தூண் எல்லாவற்றிலும் உபயம் யார் என்று வெட்டியிருப்பார்கள். கோயில் இடம் மாறினாலும் மணியை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அந்தப் பெயர்களில் கங்காணி கட்டாயம் இருப்பார், சில சமயம் ஊரோடு.

இனி 1961 கடிதம். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அதுதான், செல்லோடேப் ஒட்டி அதைக் கெடுத்துவிடாதீர்கள். கரையான் அரித்த பக்கத்தை விடுங்கள், தபால் முத்திரைதான் முக்கியம். வெயிலில் சாய்வாகப் பிடித்து, கைப்பேசியில் நாலைந்து கோணத்தில் படம் எடுங்கள். மங்கிப்போன மையும் சில சமயம் தெரியும். 1972-க்கு முன்னால் இந்தியாவில் பின்கோடு கிடையாது என்பதால் எண்ணைத் தேடாதீர்கள். பெயரின் கடைசி இரண்டு மூன்று ஆங்கில எழுத்து கிடைத்தாலும் போதும். கடிதத்தின் உள்ளே வயல் பெயர், குளத்தின் பெயர், ‘சந்தைக்குப் போயிருந்தபோது’ என்று வருகிற சந்தையின் பெயர், பண்டிகை எல்லாவற்றையும் தனியாக எழுதி வையுங்கள். யார் எழுதியது, ‘அண்ணி’ என்று அழைக்கிறாரா ‘மதினி’ என்று அழைக்கிறாரா என்பதுகூட உதவும்.

அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் ஊர் இல்லை என்கிறீர்கள், சரி. ஆனால் தாத்தா பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று பாருங்கள். மலாயாவில் தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்ததை எழுதினார், இங்கே கணக்குப்பிள்ளை தமிழில் எழுதினார். கருப்பண்ணன், கருப்பன், கருப்பையா மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். பழைய தாள் எதிலாவது ‘திரிச்சினாபள்ளி’ என்று வந்தால் இன்றைய திருச்சி மாவட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய ஜில்லாவிலிருந்து இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் பிரிந்திருக்கின்றன, நாமக்கல்கூடக் கொஞ்ச காலம் அதில் இருந்தது. ராமநாதபுரம் என்றால் இன்றைய சிவகங்கை, விருதுநகர். தென்னார்க்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. தமிழ்நாட்டில் இப்போது 38 மாவட்டங்கள், உங்கள் தாத்தா கப்பலேறியபோது அதில் பாதிகூட இல்லை.

சயாமைப் பற்றியும் கேட்டால் நல்லது என்று நினைத்திருப்பீர்கள், வரி வரியாகக் கேட்காவிட்டாலும் தெரிகிறது. சயாமையும் பர்மாவையும் சேர்த்த அந்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் வெட்டிய கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள், அவர்களுக்கு அப்படிக் கல்லும் இல்லை, முழுப் பெயர்ப்பட்டியலும் இல்லை. தாத்தா எங்கே இறந்தார் என்று தேட ஆரம்பித்தால் மனசு உடைந்துவிடும். அதை இந்தத் தேடலோடு சேர்க்காதீர்கள். நாள் தெரியாததால் திதி கொடுக்காமல் இருந்தால், மகாளய அமாவாசையன்று கொடுப்பது நம் வழக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது இந்தியப் பயணம். டிசம்பர் வேண்டாம், பங்குனியில் வாருங்கள். தொட்டியத்தில் அப்போதுதான் திருவிழா. தேரைத் தோளில் சுமந்து வருவார்கள், அந்தச் சாமியைக் குலசாமியாகக் கும்பிடும் வெளியூர்க் குடிபாட்டுக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டிய கூட்டம் அதுதான். பள்ளி விடுமுறை ஒத்து வராது என்பீர்கள், இந்த ஒரு தடவை விடுப்பு எடுங்கள்.

வந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ‘எங்க தாத்தா பேர்ல பட்டா இருக்கா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிடும்: மலேசியாவிலிருந்து பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள். பிறகு எந்த வீட்டுத் திண்ணையிலும் உங்களுக்குத் தண்ணீர் கிடைக்காது. முன்பு ஒரு குடும்பத்துக்கு நானே இந்தத் தப்பைச் செய்தேன். நிலப் பதிவேட்டில் பெயர் இருந்தது, சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் ‘அப்படி யாரும் எங்க வீட்டுல மலாயா போகலை’ என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். தாளை வைத்து அவர்களை மடக்கியிருக்கலாம். மடக்கினால் சொந்தம் வருமா?

கோயிலில் தொடங்குங்கள். சுற்றுவட்டாரச் சின்னக் குலசாமிக் கோயில்களில் தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டு இருக்கும். எந்தெந்த வகையறா, எந்த வீடு என்று வரி வசூலிப்பவருக்கு மனப்பாடம். அவரிடம் தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர் தெரிந்தால் அது, போன வருடம் எல்லாம் சொல்லி, ‘மலாயா போய்த் திரும்பாதவர் யாராவது உங்க வீடுகள்ல உண்டா?’ என்று கேளுங்கள். மலாயா என்றே சொல்லுங்கள், மலேசியா என்றால் கிழவர்களுக்குச் சுற்றுலாதான் ஞாபகம் வரும். முதல் தடவை காணிக்கை போட்டு, பொங்கல் வைத்து, சும்மா வந்துவிடுங்கள். நிலத்தில் எங்களுக்கு ஆசை இல்லை என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. உண்மையிலேயே இல்லை என்றால் மட்டும். தம்பியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களுக்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டும். நான் சொல்லாவிட்டால் அங்கே போய் அதிர்ச்சியாக இருக்கும்.

முதலாவது, ஜாதி. ஊருக்குள் நுழைந்ததும் ‘நீங்க எந்தத் தெரு?’ என்று கேட்பார்கள். அது தெருவைப் பற்றிய கேள்வி இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா அதைக் கடைசிவரை வீட்டில் பேசவில்லையென்றால், பிள்ளைகள் இது தெரியாமலே வளரட்டும் என்று ஒரு முடிவு எடுத்திருக்கலாம். தேடல் அந்த முடிவைக் கலைத்துவிடும், ஏனென்றால் இங்கே கோயில், சுடுகாடு, தெரு, பழைய பதிவேடு எல்லாமே அந்தக் கணக்கில்தான் அடுக்கியிருக்கிறது. ஒரு குடும்பத்தில், சொந்தக்காரர்கள் சேரியில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணன் தேடலை நிறுத்தச் சொன்னார், தங்கை தனியாகப் போய் அவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். அண்ணன் தங்கைக்குள் இன்னும் பேச்சு சரியில்லை. எதிர்ப்பக்கமும் நடக்கும்: நல்ல ‘பெருமையான’ பதில் கிடைத்து, அதுவரை இல்லாத ஜாதிப் பட்டத்தைப் பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. இரண்டாவது வகையைப் பார்த்தால்தான் எனக்கு அதிக வருத்தம். கேட்பவர்களிடம் ‘நாங்க தோட்டத்துல பொறந்தவங்க, அதெல்லாம் தெரியாது’ என்று சொல்லுங்கள். பொய் இல்லை. அதனால் சில கதவு திறக்காது. திறக்காவிட்டால் போகட்டும்.

இரண்டாவது, போன ஆள் இங்கே யாரை விட்டுவிட்டுப் போனார் என்பது. தாத்தா தனியாகத்தான் கப்பலேறினார் என்றால், ஊரில் அவருக்கு முன்பே ஒரு மனைவி இருந்திருக்கலாம். உங்கள் பாட்டி அவருக்கு இரண்டாவதாக இருக்கலாம். அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. நடந்திருக்கிறது என்கிறேன். அங்கே ஒரு வீட்டில் உங்கள் தாத்தாவை, பணம் அனுப்புகிறேன் என்று போய் ஏமாற்றியவர் என்று நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். சயாமில் இறந்தார் என்ற செய்தியே அவர்களுக்கு உங்கள் வாயால்தான் முதலில் போய்ச் சேரும்.

தம்பியின் ஓசிஐ கேள்விக்குச் சுருக்கமாக. நான் வழக்கறிஞன் இல்லை, கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்தில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சட்டம் 1950 ஜனவரி 26-ஐ ஒரு முக்கிய நாளாக வைத்திருக்கிறது. அன்றைக்கு இந்தியக் குடிமகனாகும் தகுதி இருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை விண்ணப்பிக்கலாம். சயாமில் காணாமல்போன தாத்தாவைவிட, 1974 வரை இருந்த பாட்டியின் தாள்கள்தான் அங்கே உங்களுக்குக் கை கொடுக்கும். அவர் இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கு ஆவணம் கேட்பார்கள், வாய்க்கதை எடுபடாது. அட்டை கிடைத்தாலும் அது குடியுரிமை இல்லை. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. முக்கியமாக விசா இல்லாமல் வந்துபோகும் வசதிதான். இதற்காக ஊரைத் தேடுவது வேறு, ஊருக்காக ஊரைத் தேடுவது வேறு. இரண்டையும் ஒரே பயணத்தில் கலக்காமல் இருந்தால் சண்டை வராது.

டிஎன்ஏ சோதனையில் காசைக் கரியாக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். தென்னிந்தியா என்று சொல்லும். அது கண்ணாடியிலேயே தெரிகிறது.

அவன் கேட்ட கேள்வி எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஊரே தெரியாத தமிழர் என்கிறான். அவனுக்கு ஊர் தெரியும், அது ஒரு ரப்பர் தோட்டம். உங்கள் குடும்பம் தொட்டியத்தில் எத்தனை தலைமுறை இருந்தது என்று நமக்குத் தெரியாது, கோலா சிலாங்கூர் பக்கம் நூறு வருடமாக இருப்பது தெரியும். அவனுடைய பாட்டனார் பிறந்தது அங்கே, கொள்ளுப்பாட்டியைப் புதைத்தது அங்கே. அந்த லயத்தின் வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா? எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அத்தைக்கு இன்னும் தெரியும், அடுத்த தலைமுறையில் யாருக்கும் தெரியாது. தொட்டியம் எங்கேயும் போய்விடாது. தோட்டம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அவனுக்கு ஆர்வம் இருந்தால், முதலில் ஒரு பெரிய காகிதத்தில் அத்தையை உட்காரவைத்து லயம் லயமாக வரையச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு பெயர், கங்காணி, சாமி. நான் மேலே கேட்ட விவரம் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

உங்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் சென்னைத் தமிழில் இருக்கும் ஆங்கிலத்தை எண்ணினால் உங்கள் தமிழில் இருக்கும் மலாய் ஒன்றுமே இல்லை. காலையில் நீங்கள் ‘பசியாறியாச்சா’ என்று கேட்பீர்கள், நாங்கள் ‘டிபன் ஆச்சா’ என்று கேட்கிறோம். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? தொட்டியத்தில் கிழவிகள் யாரும் சிரிக்க மாட்டார்கள், அவர்களில் சிலருக்கு உங்கள் பேச்சு தங்கள் பாட்டி பேசியது போலவே இருக்கும்.

அத்தைக்கு 84 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரக் கடைசியிலேயே ரவாங்குக்குப் போங்கள். தனியாகப் போங்கள், தம்பி வந்தால் அவசரப்படுத்துவார். கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, பாட்டியின் ரயிலைப் பற்றிப் பேச்செடுங்கள். அக்கரையில் அது நின்ற ஸ்டேஷன் பெயரைப் பாட்டி எப்போதாவது சொன்னாரா, பரிசலில் அங்கே போயிருக்கிறாரா என்று கேளுங்கள். குளித்தலையா, லாலாப்பேட்டையா, மாயனூரா? நீங்களாகப் பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள், அவர் வாயிலிருந்து வரட்டும். வந்துவிட்டால், இக்கரையில் நாம் தேட வேண்டிய ஊர்கள் நாலைந்தாகக் குறைந்துவிடும். அந்தப் பெயரையும் தபால் முத்திரைப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.